மருந்தா, வண்டா? களை பற்றி வாசகர் கேட்டவை

களைக் கட்டுப்பாடு பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தண்ணீர் இறைக்கும் குட்டையைச் சல்வீனியா என்ற மிதக்கும் களை முழுதாக மூடிவிட்டது. கண்டியில் உறவினர் வீட்டுக் குளத்தில் வண்டு விட்டு அதே செடி அழிந்ததைப் பார்த்தேன். அங்கிருந்து ஒரு உரப்பை நிறையச் செடியோடு வண்டையும் கொண்டுவந்து போட்டேன். ஆறு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. நான் செய்த பிழை என்ன?
*மரக்கறித் தோட்டக்காரர், கந்தப்பளை*

நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் ஊரின் குளிர்தான் காரணம். சல்வீனியாவைத் தின்னும் அந்தக் கூன்வண்டின் பெயர் சிர்டோபேகஸ் சல்வீனியே. பிரேசில் நாட்டு வெப்பத்துக்குப் பழகிய பூச்சி அது. ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்குக் கீழே பெண்வண்டு முட்டையிடாது. இட்ட முட்டையும் 20 பாகைக்குக் கீழே பொரிக்காது. கண்டியின் சராசரி வெப்பம் 24 பாகையை ஒட்டியது. நுவரெலியாப் பக்கம் 16 பாகை அளவுதான். நீங்கள் கொண்டுவந்த வண்டுகள் சில மாதம் அங்கும் இங்கும் மொட்டைக் கடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கும். ஆனால் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்காது. செடியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு புழுவுடையது. அது தண்டுக்குள் துளைத்துப்போய் உள்ளிருந்து தின்கிறது. புழு இல்லாவிட்டால் வண்டு விட்டும் பயனில்லை.

இனி மருந்தைத் தேடி ஓட வேண்டாம். அந்தத் தண்ணீர்தான் உங்கள் லீக்சுக்கும் கோவாவுக்கும் போகிறது. சிறு குட்டைக்குக் கைதான் நல்ல கருவி. அதற்கு ஒரு காரணம் உண்டு: சல்வீனியா விதை போடாது. அதன் வித்திகள் மலடானவை. செடி உடைந்து துண்டாகித்தான் பெருகும். ஆகவே மண்ணுக்குள் ஒளிந்திருந்து அடுத்த வருடம் முளைப்பதற்கு எதுவும் இல்லை. கடைசித் துண்டு வெளியே வந்துவிட்டால் வேலை முடிந்தது. களைகளில் இப்படிப்பட்ட வாய்ப்பைத் தருபவை மிகச் சில.

மழை குறைந்த நாளில் தண்ணீர் மட்டத்தை இறக்குங்கள். மூங்கிலை முனைக்கு முனை கயிற்றால் கட்டிக் குட்டையின் குறுக்கே மிதக்கவிட்டு, மெதுவாக ஒரு மூலைக்கு இழுத்து வாருங்கள். இலைக்கூட்டம் நெருங்கியதும் நெல்லு உலர்த்தும் வலை போன்ற சிறுகண் வலையால் அள்ளுங்கள். மண் கிளறும் முள்ளால் அள்ளினால் செடி உடைந்து துண்டுகள் தப்பிவிடும். அள்ளியதைக் குட்டைக்குச் சரிந்து வடியும் பக்கம் கொட்டக்கூடாது. மழை பெய்தால் மறுபடி இறங்கிவிடும். பத்து யார் தள்ளி, மெல்லியதாகப் பரப்பிக் காய வைத்தபின் கூட்டெரு போடலாம். பிறகு ஒவ்வொரு கிழமையும் கரையோரப் புல்லுக்குள் கைவிட்டுத் தேடுங்கள். நகம் அளவுத் துண்டில் ஒரு மொட்டு இருந்தாலும் போதும், வெப்பமான தண்ணீரில் அது சில நாளிலேயே இரட்டிப்பாகும். உங்கள் குளிரில் அந்த வேகம் குறைவு. இது உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்றையும் பாருங்கள். பாத்திகளில் அதிகமாகப் போட்ட யூரியாவும் கோழி எருவும் மழையோடு குட்டைக்கு வருகின்றன. தண்ணீரில் நைதரசன் இருக்கும்வரை சல்வீனியா கொழுக்கும். பாத்திக்கும் குட்டைக்கும் நடுவில் இரண்டு யார் அகலத்துக்கு மானாப்புல் வரிசை வைத்தால் ஓடிவரும் மண்ணும் உரமும் கணிசமாக நிற்கும்.

ஊர்க் குளத்துக்கு அந்த வண்டை விட விரும்புகிறோம். எங்கே கிடைக்கும்? எப்படி விடுவது? விட்டபின் கொஞ்சம் மருந்தும் அடித்தால் வேகமாகப் போகுமா?
*கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், தெல்தெனிய*

உங்கள் ஊர் வெப்பத்துக்கு வண்டு பொருத்தமானது. முதலில் கன்னொறுவையிலுள்ள பயிர்ப் பாதுகாப்புச் சேவையிடமோ உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ கேளுங்கள். இந்த வண்டு இலங்கையில் 1986இல் விடப்பட்டது. சல்வீனியா இங்கே வந்தது அதற்கு நீண்டகாலம் முன்பு, 1939இல். தாவரவியல் படிப்புக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்த செடி நாடெங்கும் பரவிவிட்டது. ஆகவே புதிதாக வெளிநாட்டிலிருந்து எதையும் தருவிக்க வேண்டியதில்லை. தருவிக்கவும் கூடாது. அது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட விடயம்.

வண்டு இருக்கும் குளத்தை அடையாளம் காண்பது எளிது. பச்சை விரிப்பின் நடுவே கபிலநிறத் திட்டுகள் தெரியும். அங்கே ஒரு செடியை எடுத்து நுனியைப் பிரித்துப் பாருங்கள். நடு மொட்டுக் கருகியிருக்கும். தண்டைக் கிள்ளினால் உள்ளே கூடாக இருக்கும். சில சமயம் வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடக்கும். வண்டு வெறும் 2 மில்லிமீற்றர்தான். கறுத்த, மூக்கு நீண்ட பூச்சி. வெயிலில் தேடினால் அகப்படாது. ஒரு வாளித் தண்ணீரில் அந்தச் செடிகளைப் போட்டு, மேலே கல் வைத்த வலையால் அமிழ்த்தி, தண்ணீரின் மேல் இரண்டு புதிய பச்சைச் செடிகளை மிதக்கவிடுங்கள். சில மணித்தியாலத்தில் வண்டுகள் மூச்சுக்காக மேலேறி அந்தப் பச்சைச் செடியில் உட்காரும். இப்படி எண்ணிப் பார்த்த பிறகே எடுத்துப் போவது நல்லது. வெறும் காய்ந்த செடியைக் கொண்டுபோய்க் கொட்டி ஏமாந்தவர்கள் பலர்.

கொண்டுபோகும்போது ஈரச் சாக்கில், பாதியளவுக்கு மட்டும் நிரப்பி, நிழலில், அன்றைக்கே கொண்டுபோய்விட வேண்டும். இறுக்கி அடைத்தால் சாக்கின் நடுவில் சூடேறி வண்டு இறந்துவிடும். அரை ஏக்கர் குளத்துக்கு மூன்று, நான்கு சாக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளம் முழுதும் தூவாமல் காற்றும் அலையும் குறைந்த ஒரே மூலையில், பச்சைச் செடி நெருக்கமாக உள்ள இடத்தில் கொட்டி, சுற்றி மூங்கில் வேலி மிதக்க விடுங்கள். ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் பெருகும். பெருவெள்ளம் குளத்தை அலசிப்போகும் மாதங்களைத் தவிருங்கள்.

ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஆறேழு கிழமை ஆகும். முதல் மூன்று, நான்கு மாதம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் பொறுமை இழந்து மருந்தைத் தூக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மருந்து பட்ட செடி ஓரிரு கிழமையில் அமிழ்ந்துவிடும். தண்டுக்குள் இருக்கும் புழுவும் அதோடு மூழ்கி இறந்துவிடும். மீதமிருக்கும் சில பச்சைச் செடிகளோ வண்டின் தொந்தரவு இல்லாமல் மறுபடி குளத்தை மூடும். மருந்தும் வண்டும் ஒரே விரிப்பில் சேரக்கூடாது.

செடி மஞ்சளாக வெளிறியிருந்தால் வண்டு பெருகாது. புழுவுக்கு நைதரசன் வேண்டும். பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் 1980களில் வண்டு நிலைகொள்வதற்காகவே விரிப்பின் மேல் யூரியா தூவினார்கள். உங்கள் குளத்துக்கு அது தேவைப்படாது. ஆனால் களையைக் கொல்வதற்கு முதலில் அதற்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது என்பது இந்தப் பூச்சியின் வேலையைப் புரியவைக்கும்.

வண்டு முழுதாக ஒழிக்காது என்பதையும் சங்கத்தில் சொல்லிவையுங்கள். ஓரத்தில் கொஞ்சம் செடி இருந்துகொண்டே இருக்கும், அதில் கொஞ்சம் வண்டும் இருக்கும். அந்த மீதியைச் சிரமதானத்தில் துப்புரவாக்கிவிட்டால் வண்டும் போய்விடும். அடுத்த வெள்ளத்தில் மேலிருந்து வரும் சல்வீனியாவைத் தின்ன ஆள் இருக்காது.

இலுக்குப் புல்லுக்குக் கிளைபோசேட் இரண்டு முறை அடித்தேன். இலை காய்ந்தது. ஒன்றரை மாதத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்துவிட்டது. மருந்து போலியா?
*சிறுதேயிலைத் தோட்ட உரிமையாளர், ஹாலிஎல*

போலியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய மூன்று விடயங்கள் போதும், நல்ல மருந்தும் தோற்றுப்போக. முதல் நாள் புல்லை வெட்டினீர்கள். கானில் ஓடிய கலங்கல் தண்ணீரை எடுத்தீர்கள். அடித்து இரண்டு மணித்தியாலத்தில் மழை பெய்தது.

இலுக்கின் உயிர் மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. மருந்து இலையால் நுழைந்து, இலை தயாரிக்கும் சாப்பாட்டோடு சேர்ந்து கீழே இறங்கி அந்தத் தண்டை அடைய வேண்டும். இலை வெட்டப்பட்டிருந்தால் மருந்து உள்ளே போக வாசலே இல்லை. முழங்கால் அளவுக்குப் புதிய இலை விட்டு, பூக்கதிர் வருவதற்குமுன் அடிப்பதே சரி. கடும் வரட்சியில் இலை சுருண்டிருக்கும்போதும் அடித்துப் பயனில்லை. செடி அப்போது எதையும் கீழே அனுப்பாது.

கிளைபோசேட் களித்துகளைக் கண்டால் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சேற்றுத் தண்ணீரில் கலந்த உடனேயே அதன் பலம் குறைந்துவிடும். மலையக ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் குறைந்த மெல்லிய தண்ணீர், அதில் குறை இல்லை. கலங்கல்தான் எதிரி. ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றி அடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தத் தண்ணீர் வேண்டாம். தெளித்தபின் ஆறு மணித்தியாலம் மழை இல்லாதிருக்க வேண்டும். ஊவாவில் பின்னேர மழைக் காலத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிப்பதே வழி. அதற்கு முன் பனி இலையில் நிற்கும்.

அளவுக்கு முதலில் போத்தலின் லேபலைப் படியுங்கள், அதுவே இறுதி. லீட்டருக்கு 360 கிராம் உள்ள வழமையான கிளைபோசேட்டுக்கு, இலுக்கு, இஞ்சிப்புல் போன்ற நிலத்தடித் தண்டுப் புல்லுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு என்பது பரவலான கலவை. 16 லீட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 160 மில்லிலீட்டர். தாங்கியைப் பாதி தண்ணீரால் நிரப்பி, மருந்தை ஊற்றி, பிறகு மீதித் தண்ணீர். நேராக மருந்தின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் நுரை பொங்கி அளவு தவறும். ஒரு தாங்கி எவ்வளவு நிலத்துக்குப் போகிறது என்று வெறும் தண்ணீரை அடித்து அளந்துகொள்ளுங்கள். 320 சதுர மீற்றர் அளவுக்கு வந்தால் ஹெக்டயருக்கு 500 லீட்டர். இலை நனைந்து, சொட்டுவதற்குமுன் நிறுத்துங்கள். நிலத்தில் சொட்டிய மருந்து மண்ணில் ஒட்டி வீணாகும்.

ஏழாம் நாள் அளவில் வெளிறத் தொடங்கும், இரண்டு, மூன்று கிழமையில் காயும். அதுவரை முள் போட்டுக் கிளறவோ சுரண்டியால் சுரண்டவோ கூடாது. சுரண்டி இன்னொரு வகையிலும் கேடு: சரிவில் மேல்மண்ணைக் கிளப்பிவிடுகிறது, இலுக்குத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றையும் ஒரு புதுச் செடியாக்குகிறது. ஆறு முதல் எட்டுக் கிழமையில் முளைத்தவற்றுக்கு மட்டும் இடம் பார்த்து மறுபடி அடியுங்கள். அதன்பின் நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். கிளிசீரியாக் கொப்பை வெட்டிக் கனமாகப் பரப்புங்கள். இலுக்கு வெயிலை விரும்பும் புல், நிழலில் அதற்குத் தாக்குப்பிடிக்க முடியாது. தேயிலை குடை கட்டி நிலத்தை மூடிய மலையில் அதைக் காண்பது அரிது. வெற்றிடங்களில் கன்று நிரப்புவதும் களைக்கட்டுப்பாடுதான்.

மருந்து அடித்தபின் தேயிலைக் கொழுந்து ஊசி போல ஒடுங்கி, கொத்தாக வருகிறது. நோயா?
*பசறை*

நோயில்லை. கிளைபோசேட் சாரல் பட்டதன் அடையாளம். ஒடுங்கிய, வெளிறிய இலைகள் ஒரே கணுவில் நெருங்கி நிற்கும். மாற்று மருந்து கிடையாது. யூரியா தெளித்துத் தேற்ற முயல வேண்டாம். பாதித்த கொழுந்தைப் பறித்து நல்ல கொழுந்தோடு சேர்க்காமல் விடுங்கள். இலேசாகப் பட்ட செடி சில மாதத்தில் தானே தேறும். கடுமையாகப் பட்டதைக் கவ்வாத்து வெட்டில் சரிசெய்யலாம்.

சாரல் ஏன் பறந்தது என்று பாருங்கள். வெயில் ஏற ஏற, பள்ளத்திலிருந்து மலைமேல் காற்று கிளம்பும். கச்சான் காற்றுக் காலத்தில் ஊவாவில் நாள் முழுதும் வீசும். அப்போது தெளிப்பான் எடுக்கவே கூடாது. மற்ற நாளில் நொசிலை முழங்காலுக்குக் கீழே வைத்து, அமுக்கம் குறைத்து, புகைபோலப் பறக்காத பெரிய துளியாக அடியுங்கள். ஒன்றரை லீட்டர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டி எறிந்துவிட்டு, மூடித் துளைவழி நொசிலை நுழைத்துக் கட்டினால் போத்தல் ஒரு குடையாகிச் சாரலை மறைக்கும். செலவில்லாத வேலை. இளந்தேயிலையில் மருந்தே வேண்டாம், கையால் பறியுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் கிளைபோசேட் தடை (பின்னர் நீக்கப்பட்டது) வந்தபோது பல தோட்டங்கள் கைக்கு அகப்பட்ட வேறு மருந்துகளுக்குப் போயின. அவற்றில் ஒன்றான எம்.சீ.பீ.ஏ.யின் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக 2018இல் யப்பானிலிருந்து பிரச்சினை கிளம்பியது. அப்போது அவர்களுடைய எல்லை பத்து இலட்சத்தில் 0.01 பங்கு. அவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் நாட்டுக்கு நாம் இலை அனுப்புகிறோம். தேயிலைக்கென்று பதிவாகாத மருந்தைக் கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக அடிக்காதீர்கள். போத்தலில் பதிவு இலக்கம் இருக்கிறதா, பயிரின் பெயரில் தேயிலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

உப்பும் வினாகிரியும் கலந்து அடித்தால் களை சாகுமா?
*மாத்தளை*

இலை கருகும், வேர் சாகாது. உப்பு மண்ணில் தங்கி அடுத்த பயிரைக் கெடுக்கும். வாசற்படிக் கல்லிடுக்குக்குக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள், போதும்.

பழைய கிரமொக்சோன் போத்தல் ஒன்று லயத்துக் கூரைக்கடியில் கிடக்கிறது. பாவிக்கலாமா?
*பொகவந்தலாவை*

வேண்டாம். அது பரகுவாட், இலங்கையில் தடை செய்யப்பட்டது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிர் போகும், முறிமருந்து இல்லை. இன்றைக்கே பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள், கானிலோ பீலிக்கு மேலேயோ ஊற்றாதீர்கள். விவசாயப் போதனாசிரியருக்கோ தோட்டத்து அலுவலகத்துக்கோ அறிவித்து ஒப்படையுங்கள்.

உண்ணிச்செடியை வெட்டி ஆட்டுக்குப் போடலாமா?
*வெலிமடை*

கூடாது. ஆடு, மாடு இரண்டுக்கும் ஈரல் பாதிக்கும். வெயில் பட்ட தோல் வெடித்து உரியும். வெட்டிய குவியலைக் கட்டிய மாடு எட்டும் இடத்தில் போடவும் வேண்டாம்.

களையைத் தின்ன விடும் பூச்சி, களை தீர்ந்தபின் எங்கள் பயிரைத் தின்னாதா? மாணவர்கள் கேட்கிறார்கள், என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.
*ஆசிரியை, பண்டாரவளை*

மாணவர்கள் கேட்டது சரியான கேள்வி. இந்தப் பூச்சிகள் பசியால் உணவை மாற்றிக்கொள்வதில்லை. பெண்பூச்சி எந்தச் செடியில் முட்டையிடுவது என்பதை அந்தச் செடியின் மணமும் சுவையும் தீர்மானிக்கின்றன. அது கிடைக்காவிட்டால் பட்டினியில் இறந்துபோகும். ஆகவே விடுவதற்குமுன் கூண்டில் வைத்து, களைக்கு நெருங்கிய உறவுச் செடிகள், ஊரின் முக்கிய பயிர்கள் என ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். தின்னுகிறதா என்பதோடு, அதைத் தின்று தலைமுறை தலைமுறையாகப் பெருகுமா என்பதையும் பார்க்கிறார்கள்.

இந்த முறையின் வரலாற்றில் நம் நாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. 1865ஐ ஒட்டி நாகதாளி என்ற சப்பாத்திக்கள்ளியை அழிக்க இந்தியாவிலிருந்து இலங்கைக்கு ஒரு கொச்சினில் பூச்சி கொண்டுவரப்பட்டது. களைக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோன முதல் நிகழ்வாக அது எண்ணப்படுகிறது. இந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தவிர வேறு எதிலும் வாழாது.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொன்னால் மாணவர்களுக்குப் பொய் சொன்னதாகும். உண்ணிச்செடிக்கென்று விடப்பட்ட வலைப்பூச்சி ஒன்று 1960களில் உகண்டாவில் எள்ளுப் பயிருக்குள்ளும் இறங்கியது. இன்றைய சோதனைகள் கடுமையாக இருப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் காரணம். தவறான செடிக்குத் தவறான பூச்சி என்பதும் நடந்திருக்கிறது. நம் சல்வீனியா எந்த இனம், அதன் சொந்த ஊர் எது என்று 1970கள்வரை சரியாகத் தெரியவில்லை. நெருங்கிய வேறு இனத்திலிருந்து எடுத்த பூச்சிகளை விட்டுப் பலன் இல்லாமல் போனது. தென்கிழக்கு பிரேசிலில் உண்மையான தாயகம் தெரிந்து, அங்கிருந்து எடுத்த வண்டை 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டபோது, இரண்டு வருடத்துக்குள் ஏரி தெளிந்தது. முன்பு விட்டுப் பலன் தராத வண்டையும் இந்த வண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சியின் பெயரைச் சரியாக அறிவது எவ்வளவு பெரிய வேலை என்று மாணவர்களுக்கு இதைக்கொண்டு சொல்லலாம்.

காணி எல்லையில் மஞ்சள் பூப்பூக்கும் முட்செடி வந்திருக்கிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கம் இருப்பதும் இதுதான் என்கிறார்கள். எரித்தேன். இப்போது முன்னைவிட நெருக்கமாக முளைத்திருக்கிறது.
*ஒஹிய*

அது கோர்ஸ், ஐரோப்பிய முட்செடி. எரித்தது விதைக்கு உதவியது. சூடு பட்டால் அதன் தடித்த விதைத்தோல் வெடித்து, மண்ணில் உறங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாக முளைக்கும். அந்த விதை பல பத்தாண்டு உயிரோடு கிடக்கக்கூடியது. ஆனால் நடந்ததைச் சாதகமாக்கலாம். முளைத்துவிட்ட விதை இனி உறங்க முடியாது. இந்த நாற்றுகள் காய் பிடிக்குமுன் பிடுங்கிவிட்டால் மண்ணின் இருப்பு ஓரளவு குறையும். மழைக்கு மறுநாள், ஓரடிக்கு மேல் வளருமுன், தடித்த கையுறை போட்டு வேரோடு இழுங்கள்.

பெரிய செடிகளைக் காய் கறுக்குமுன் வெட்டுங்கள். கறுத்த காய் வெயிலில் படீரென்று வெடித்துச் சில யார் தூரத்துக்கு விதையை வீசும். நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் நேராக அறுத்து, மரத்தூளைத் துடைத்து, ஒரு நிமிடத்துக்குள் கிளைபோசேட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்ததைச் சிறு பெயின்ற் தூரிகையால் வெட்டின் ஓரத்தில், பட்டைக்கு உள்பக்க வளையத்தில் பூசுங்கள். உயிர் ஓடும் பாதை அதுதான், நடு மரத்தில் பூசுவது வீண். ஐந்து, பத்து நிமிடம் கழிந்தால் வெட்டு மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. ஒருவர் அறுக்க ஒருவர் பின்னாலேயே பூசிவர வேண்டும். சிறிது நீல மையைக் கலந்தால் பூசியது எது, விட்டது எது என்று தெரியும்.

பூச்சியை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியூசிலாந்தில் 1931இலேயே கோர்ஸ் விதையைத் தின்னும் வண்டை விட்டார்கள். அது வசந்தகால விதையைத் தின்கிறது, வேறு பருவத்தில் காய்ப்பது தப்பிவிடுகிறது. கோர்ஸ் இன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் எல்லைக்கு அதைவிட உதவியானது நிழல். கோர்ஸ் நாற்றுக்கு நிழல் ஆகாது. பிடுங்கிய இடத்தில் உயரமாக வளரும் உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்கி நடுங்கள். உங்கள் வேலிக்கு அப்பால் தேசியப் பூங்கா நிலமானால் அங்கே கத்தியோ தூரிகையோ எடுத்துப் போகாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடுங்கள். வேலை முடிந்து திரும்பும்போது கம்பூட்ஸின் அடியையும் கத்தியின் பிடியிடுக்கையும் அதே காணிக்குள்ளேயே கழுவிவிட்டு வாருங்கள். இந்த விதை பயணம் செய்வது பெரும்பாலும் ஒட்டிய சேற்றில்தான்.